சுவரில் ஓட்டை இருக்கிறது, வரைபடத்தில் போடலாமா?

சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு பக்கத் தெருவின் முனையில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கத்துப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோக வழி கேட்டுப் பாருங்கள். மனிதர்களிடம் அல்ல, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (சுருக்கமாக ஓஎஸ்எம்) என்ற வரைபடத்தை வைத்து ஓடும் ஒரு வழிகாட்டிச் செயலியிடம். ஸ்டாப் கண்ணுக்கு எதிரே இருக்கும். நிழற்குடையில் உட்கார்ந்திருப்பவர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்றுகூடத் தெரியும். செயலியோ உங்களைச் சாலையோடு நடக்கவிட்டு, வண்டிகள் யூ-டர்ன் அடிக்கும் இடத்தில் திருப்பி, வந்த தூரத்தையே மறுபடி நடக்கவைக்கும். சில இடங்களில் கதை நேர்மாறு. ஆள் உயரத்துக்கு இரும்புக் கிராதி நிற்கும் சென்டர் மீடியனை, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தாண்டச் சொல்லும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வழி சொல்லும் நிரலுக்குத் தெருவைத் தெரியாது, கோடுகளை மட்டும்தான் தெரியும். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு எந்தப் புள்ளியில் சேர்கிறது என்பதுதான் அதன் உலகம். நடுவில் தடுப்பு உள்ள சாலையை ஓஎஸ்எம்மில் இரண்டு கோடுகளாக வரைவோம், போக ஒன்று, வர ஒன்று. பக்கத் தெரு அவற்றில் ஒன்றோடுதான் சேரும். நடப்பவருக்கு ஒருவழிப்பாதை விதி கிடையாது என்பதால் எந்தத் திசையிலும் நடக்கலாம், ஆனால் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குத் தாவ முடியாது. இரண்டையும் இணைக்கும் துண்டு எங்கே இருக்கிறதோ அதுவரை போகவேண்டியதுதான். அந்தத் துண்டை வரைந்தவர் கார் திரும்புவதற்காக வரைந்தார். மீடியன் கிராதியை நீங்கள் எவ்வளவு கவனமாகத் தனிக் கோடாக வரைந்தாலும் பிரயோஜனமில்லை. சுவர், வேலி, கிராதி என்று நீளவாக்கில் ஓடும் எதையும் பெரும்பாலான நிரல்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாதை மேலேயே ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கும் தடுப்புதான் அவற்றுக்குத் தடுப்பு.

தெரியாதவர்களுக்கு: ஓஎஸ்எம் என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. அந்த நாட்டு அரசின் வரைபடத் தரவு காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்றிருந்த காலம், அதற்கு மாற்றாகத்தான் கிளம்பினார்கள். நான் சில வருடங்களாக ஓய்வு நேரத்தில் தென்சென்னைப் புறநகரை அதில் வரைந்துகொண்டிருக்கிறேன். சாலைகளும் பெயர்களும் ஓரளவு நிரம்பிவிட்டன. இப்போது பாக்கி இருப்பதெல்லாம் நடக்கிறவர்களுக்கு வேண்டிய சமாசாரங்கள்: நடைபாதை, படிக்கட்டு, கேட், நட்டுவைத்த கல், சந்து.

நடைபாதையைத் தனிக் கோடாக வரைவதா, சாலைக் கோட்டிலேயே ‘இரண்டு பக்கமும் நடைபாதை உண்டு’ என்று ஒரு டேக் (கோட்டோடு ஒட்டிவைக்கும் விவரக் குறிப்பு) போட்டுவிடுவதா என்பது பழைய சண்டை. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி மாதிரியான சாலைக்குத் தனிக் கோடுதான் சரி, தெருவுக்குள் வேண்டவே வேண்டாம். சின்னத் தெருவில் எதிர் வீட்டுக்குப் போக நாம் பாட்டுக்குக் குறுக்கே நடந்துவிடுவோம். அங்கே இரண்டு நடைபாதைகளைத் தனித்தனியாக வரைந்துவைத்தால், குறுக்கே போக இணைப்பில்லை என்று செயலி உங்களைத் தெருமுனை வரை இழுத்தடிக்கும். பெரிய சாலையில் அப்படி இல்லை. எங்கே கடக்க முடியும், எங்கே முடியாது என்பதுதான் அங்கே விஷயமே. நடை மேம்பாலத்தின் படிகள் நடைபாதையில் எந்த இடத்தில் இறங்குகின்றன, சிக்னலில் வரிக்கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்பதையெல்லாம் தனிக் கோட்டில்தான் காட்ட முடியும்.

வரைவதற்கு நடைபாதை இருந்தால்தானே என்பீர்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, தடையில்லாத நடைபாதை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்றது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. நல்லது. தெருவில் இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர், பைக் வரிசை, இளநீர் வண்டி. வரைபடத்தில் ‘நடைபாதை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை விட, அகலம் எவ்வளவு, தரை எப்படி, எங்கே அறுந்துபோகிறது என்று போடுவதில்தான் வேலை இருக்கிறது.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது வேறொன்று. ஓஎஸ்எம்மில் ‘பேரியர்’ ஒரு வகை டேக், ‘அக்சஸ்’ இன்னொரு வகை டேக். முதலாவது, அங்கே என்ன நிற்கிறது என்று சொல்லும்: கேட், கம்பம், சங்கிலி, சுவர். இரண்டாவது, போக அனுமதி யாருக்கு என்று சொல்லும். கேட் இருக்கிறது என்பதால் போகக்கூடாது என்று ஆகிவிடாது. கேட் இல்லை என்பதால் போகலாம் என்றும் ஆகிவிடாது. புதிதாக வரைபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பிரிவினை இங்கிலாந்துக்குப் பாந்தமாகப் பொருந்தும். அங்கே 1949-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளையெல்லாம் உள்ளாட்சிகள் ஓர் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிவு செய்து வைக்கவேண்டும். ஒருவருடைய வயலுக்கு நடுவே பாதை போகும். மாடு வெளியே போகாமல் வேலி இருக்கும். மனிதன் ஏறித் தாண்ட அந்த வேலியிலேயே இரண்டு படி வைத்திருப்பார்கள். வயல் அவருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. ஓஎஸ்எம்மின் தடுப்புப் பட்டியலில் அந்த வேலிப்படிக்கும், ஆள் நுழையலாம் மாடு நுழைய முடியாது என்கிற மடக்குக் கேட்டுக்கும் தனித்தனி டேக் இருக்கின்றன. பிறந்த வீட்டுச் சீதனம். ஸ்காட்லாந்தில் 2003 சட்டம் இன்னும் தாராளம், பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம்.

நம் ஊரில் அனுமதி என்பது எழுதிவைத்த சங்கதி இல்லை, பழக்கம். எங்கள் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் உள்சாலை இரண்டு தெருக்களை இணைக்கிறது, இரண்டு முனையிலும் கேட். சுற்றிப் போனால் கணிசமான தூரம், உள்ளே போனால் சட்டென்று வந்துவிடலாம். அக்கம்பக்கத்தவர்கள் பால் வாங்க, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்ற, உள்ளே புகுந்துதான் போகிறார்கள். இதை எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் வாசலில் இருந்த வாட்ச்மேனிடமே கேட்டேன்.

“நம்ம ஏரியா ஆளுங்கன்னா விடுவோம் சார். தெரிஞ்ச முகமா இருக்கணும்.”

“தெரியாதவங்க வந்தா?”

“என்ன ஏதுன்னு கேப்போம். வயசானவங்கன்னா போகட்டும்னு விட்டுருவோம். டெலிவரி பசங்க வண்டியோட வந்தா விட மாட்டோம். நைட்டு பத்துக்கு மேல யாரா இருந்தாலும் சுத்திதான் போகணும்.”

பத்து மணி விவகாரத்துக்கு டேக் இருக்கிறது. நிபந்தனையோடு அனுமதியைக் குறிக்கலாம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை நடப்பவருக்கு இல்லை என்று. வண்டிக்கு இல்லை, காலுக்கு உண்டு என்பதற்கும் இருக்கிறது. தெரிந்த முகத்துக்குத்தான் இல்லை. ‘பர்மிசிவ்’ என்றொரு மதிப்பு உண்டு. இடத்துக்காரர் இப்போதைக்குப் பொதுவாக அனுமதிக்கிறார், நினைத்தால் நிறுத்திக்கொள்வார் என்று அர்த்தம். ‘பிரைவேட்’ என்றால் ஆளாளுக்குத் தனியாக அனுமதி வேண்டும். நடைமுறையை மட்டும் பார்த்தால் முதலாவது. நான் போட்டது இரண்டாவது.

காரணம் இருக்கிறது. ‘பர்மிசிவ்’ என்று போட்ட மறுநாளிலிருந்து எல்லாச் செயலிகளும் அந்த வழியைக் காட்டும். ஊர் பேர் தெரியாதவர்கள் ஃபோனை நீட்டியபடி கேட்டுக்குள் நுழைவார்கள். ஒரு மாதத்தில் சங்கத்துக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார், அடுத்த வாரம் பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு வரும். பாதிக்கப்படுவது வரைபடத்தைப் பார்த்து வந்தவர்கள் அல்ல, இத்தனை காலம் யாரும் பேசாததால் நடந்துகொண்டிருந்த பக்கத்துத் தெருக்காரர்கள். கண்ணால் பார்த்ததை அப்படியே வரை என்பதுதான் ஓஎஸ்எம்மின் முதல் விதி. வாட்ச்மேன் கேட்டால்தான் விடுவார் என்பதும் நான் கண்ணால் பார்த்ததுதானே, தனி அனுமதி என்று அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் கம்பங்கள். பைக் ஏறக்கூடாது என்று நடைபாதையின் வாயில் இரும்புக் கம்பமோ கருங்கல்லோ நட்டுவிடுகிறார்கள். நோக்கம் நியாயமானதுதான், நம் பைக்காரர்களைப் பற்றித் தெரியாதா என்ன. ஆனால் வரைபடத்தில் ‘பொல்லார்ட்’ என்று ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. நிரல்கள் அதை, காருக்குத் தடை, காலுக்குத் தடையில்லை என்று எடுத்துக்கொள்ளும். சக்கர நாற்காலிக்கு? அது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தது. சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே 65 சென்டிமீட்டரைத் தொடும். கையால் சக்கரத்தைத் தள்ளுகிறவருக்கு முழங்கை போக இடம் வேண்டும். நான் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்த ஒரு நடைபாதையில் ஒரு முனையில் 90 இருந்தது, மறு முனையில் 58. இந்த முனையில் தாராளமாக நுழைகிறவர் அந்தக் கோடிவரை போய், வெளியே வர முடியாமல் திரும்பவேண்டும். இடைவெளியைப் பதிவதற்கென்றே தனி டேக் இருக்கிறது. விளிம்புக் கல் சரிவாக இறங்குகிறதா, தரையோடு தரையா, எகிறி நிற்கிறதா என்பதற்கும் இருக்கிறது. எந்தெந்த இடத்துக்குச் சக்கர நாற்காலியில் போகலாம் என்று காட்டும் வீல்மேப் 2010-ல் பெர்லினில் தொடங்கியது, அதற்கும் அடிப்படை ஓஎஸ்எம்தான். டேக் எல்லாம் மனப்பாடமாக வராதவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியைப் போட்டுக்கொள்ளலாம். தெருவில் நடக்கும்போது அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும், இங்கே நடைபாதை உண்டா, விளிம்பு எப்படி என்று. தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வேலைக்குப் போகிற வழியில் செய்யக்கூடிய ஒரே சமூக சேவை.

இனி தலைப்பில் உள்ள ஓட்டை.

கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையில் 1931-லிருந்து மின்ரயில் ஓடுகிறது. ஊர் அதன் இரண்டு பக்கமும் வளர்ந்தது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜிஎஸ்டி சாலையும் தண்டவாளமும் ஒட்டியே போகின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பஸ், கடை, பள்ளிக்கூடம். கடப்பதற்கு ஸ்டேஷன் படிக்கட்டு, சுரங்கப்பாதை, மேம்பாலம் என்று அங்கங்கே இருக்கிறது. நடுவில் எல்லாம் சுவர். சுவரில் ஓட்டை.

ஓட்டை என்றால் செங்கல்லைப் பெயர்த்து, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு. கீழே மண் வழுக்காமலிருக்க யாரோ உடைந்த கான்கிரீட் துண்டைப் படி மாதிரி போட்டுவைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் புல் இல்லாமல் தேய்ந்த ஒற்றையடிப் பாதை. வான்வழிப் படத்திலேயே பளிச்சென்று தெரியும். அப்படி ஒன்றை யாரோ தண்டவாளத்துக்குக் குறுக்கே நடைபாதை என்று வரைந்து, இரண்டு பக்கத்துச் சந்துகளோடும் இணைத்திருந்தார்கள். வழிகாட்டி நிரல் சந்தோஷமாக அதன் வழியே ஆட்களை அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அந்தத் திருத்தத்தின் கீழே நான் கேள்வி கேட்க, வரைந்தவர் பதில் சொல்ல, அது நீண்டுகொண்டே போனது.

அவர் வாதம் எளிமையானது. பாதை இருக்கிறது, ஜனங்கள் நடக்கிறார்கள், இருப்பதைத்தான் வரைந்தேன். என் வாதம், 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது கிடக்கட்டும், தினம் கடக்கிறவருக்கு எந்த நேரத்தில் எந்த லைனில் வண்டி வரும் என்று தெரியும். செயலியைப் பார்த்து முதல் தடவை வருகிறவர் காதில் இயர்ஃபோனோடு ஓட்டைக்குள்ளிருந்து நேரே தண்டவாளத்தில் கால் வைப்பார். அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதை இருக்கட்டும், ஆனால் ‘தானாக உருவான பாதை’ என்றும், நடக்க அனுமதி இல்லை என்றும் டேக் போடுங்கள், நிரல் அந்தப் பக்கமே ஆளை அனுப்பாது என்றேன்.

“காலைத் தவிர வேறெதுவும் போகாத பாதைக்கு, கால் போகக்கூடாது என்று டேக் போடுவதா?” என்று எழுதினார். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் சட்டம் அப்படித்தானே இருக்கிறது.

கடைசியில் என் சொல்படியே மாற்றினார், மனசில்லாமல். அழிக்கவேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் வேறு. இரண்டு முறையான கடவுகளுக்கு நடுவில் இப்படித் தானாக உருவான பாதைகள் வரிசையாகத் தெரிந்தால், அடுத்த நடைமேம்பாலம் எங்கே வேண்டும் என்று சொல்ல வேறு ஆதாரமே வேண்டாம். ‘வழியில்லை’ என்று சுத்தமாகத் துடைத்துவிட்ட வரைபடத்தில் அந்தத் தேவை கண்ணுக்கே படாது. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஓட்டையைப் புதுச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வரைபடத்தில் பாதையை வெட்டவேண்டுமே என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மா, “அத எதுக்குத் தம்பி போட்டோ புடிக்கிற? அந்தா, வேப்பமரத்துக்கிட்ட வேற ஓட்டை எடுத்திருக்காங்க பாரு” என்றார்.

எடுத்திருந்தார்கள்தான்.

தற்காலிகத் தடுப்பு விஷயத்தில் மட்டும் விதியோடு எனக்கு ஒத்துவருவதில்லை. சாயங்காலம் போலீஸ்காரர் இழுத்துவைத்துவிட்டுக் காலையில் ஓரங்கட்டும் பேரிகேட்டை வரைபடத்தில் போடக்கூடாது என்பது நியாயம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதுகூட எந்தெந்தத் தெருவில் தண்ணீர் என்று ஜனங்கள் குறித்ததற்கு ஓஎஸ்எம் சாலைகள்தான் அடிப்படை. ஆனால் தண்ணீரை ஓஎஸ்எம்முக்குள் எழுதவில்லை, அதன்மேல் தனி அடுக்காக வைத்தார்கள். சரி. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக நட்டிருக்கும் தகரத் தடுப்பு எந்தக் கணக்கு? அது வருடக்கணக்கில் நிற்கிறது. அதன் ஓரமாக விட்டிருக்கும் ஒற்றை ஆள் அகலச் சந்தில்தான் ஒரு தெருவே பஸ் ஸ்டாப்புக்குப் போய்வருகிறது. நான் அதை வரைகிறேன். தேதி போட்டு, கட்டுமானம் என்று குறிப்பு எழுதி. வேலை முடிந்ததும் அழிக்கவேண்டியது என் பொறுப்பு.

தடுப்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தடுப்பைத் தாண்டுவதற்கென்றே கட்டியதையும் கவனமாக வரையவேண்டியிருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. சுமார் 570 மீட்டர் நீளம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் மேலேயே போய்விடலாம். வரைபடத்தில் அது பாலம், மேல் அடுக்கு என்று போட்ட ஒரு கோடு. ஆனால் கோட்டின் நுனி ரயில் நிலைய நடைமேடைப் பாலத்தோடு ஒரே புள்ளியில் சேரவேண்டும். படிகள் ஒவ்வொன்றும் கீழே நடைபாதையில் போய் ஒட்டவேண்டும். லிஃப்ட் தனிப் புள்ளியாக, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் பொதுவாக நிற்கவேண்டும். ஒரு புள்ளி சில சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் திரையில் பார்க்கச் சேர்ந்ததுபோலத்தான் இருக்கும். நிரலுக்கு அது முட்டுச்சந்து. படியை மட்டும் இணைத்துவிட்டு லிஃப்டை இணைக்க மறந்தால், முழங்கால் வலிக்காரருக்கு அந்தப் பாலமே கிடையாது.

எங்கேயாவது நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டால், திருத்தத் தெரியாவிட்டாலும் ஓஎஸ்எம் தளத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பைக் குத்திவிட்டுப் போங்கள். ‘வழி தப்பு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. என்ன நிற்கிறது, சுவரா கேட்டா, கேட் என்றால் பூட்டா சும்மா சாத்தியிருக்கிறதா, ஆள் நுழைய இடமுண்டா, போர்டு ஏதாவது தொங்கினால் அதில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள். இவ்வளவு இருந்தால் பக்கத்து ஏரியாவில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து பார்த்துக்கொள்வார்.